ஒரகடம் ரோட்டுக் காற்றும் ஒரு விண்ட்ஸ்கிரீனும்

சிங்கப்பெருமாள்கோவிலில் ஜி.எஸ்.டி சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் முதலில் மாறுவது காற்றுதான். அதுவரை இரண்டு பக்கமும் கடை, அபார்ட்மென்ட், பெட்ரோல் பங்க் என்று மறைத்துக்கொண்டிருந்தவை விலகிவிடும். ஏரி, வெட்டவெளி, நடுநடுவே ஏக்கர் கணக்கில் மதில் கட்டிய கம்பெனிகள். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. பைக்கில் போகிறவர்களுக்கு நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போலத் தெரியும்.

இங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 25 கிலோமீட்டர். கோயில் பார்க்கக் கிளம்பினால் அரை நாளில் முடித்துவிடலாம். சிங்கப்பெருமாள்கோவிலிலேயே பாடலாத்ரி நரசிம்மர் இருக்கிறார். பல்லவர் காலத்துக் குடைவரை. ஆரத்தி காட்டும்போது பட்டர் திருமண்ணைச் சற்றே விலக்கி, நெற்றியில் உள்ள மூன்றாவது கண்ணைத் தரிசிக்க வைப்பார். பைக்கில் வருகிறவர்கள் இருக்கிற இரண்டு கண்ணைக் காப்பாற்றிக் கொடுக்கச் சொல்லி வேண்டிக்கொண்டு கிளம்புவது நல்லது. ஏனென்று போகப் போகத் தெரியும்.

கொஞ்ச தூரத்தில் ஆலைகள் ஆரம்பிக்கின்றன. ரெனோ நிசான் கார் தொழிற்சாலை 2010-ல் வந்தது. பாரத்பென்ஸ் லாரி செய்யும் டெய்ம்லர் 2012-ல் வந்தது. திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் செய்துகொண்டிருந்த ராயல் என்ஃபீல்டு, 2013-ல் ஒரகடத்துக்கும் 2017-ல் வல்லம் வடகாலுக்கும் கிளை விரித்தது. யமஹாவும் வல்லம் வடகாலில்தான் இருக்கிறது. அப்போலோ டயர் ஆலை பக்கத்திலேயே. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய எல்லாமே இந்த வட்டாரத்துக்குள் கிடைத்துவிடும் என்று சொன்னால் பெரிய பொய்யாக இருக்காது.

ஆனால் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். உள்ளே தயாராவது மலை ஏறும் பெரிய வண்டிகள். வெளியே வருவது நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி வண்டிகள். மைலேஜ் வண்டிகள். வாலாஜாபாத், உத்திரமேரூர், செய்யாறு பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு பக்கம். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பதாலோ, பஸ் ஊருக்குள் வராததாலோ, தினமும் பைக்கிலேயே போய் வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது ரகத்தில் ஒரு தம்பியை ஒரகடத்தில் ஒரு மெக்கானிக் கடையில் பார்த்தேன்.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் நாம் வந்த சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் ஒரகடம் கூட்ரோடு. மேம்பாலத்துக்கு அடியில் பிரியாணிக் கடை, செல்போன் கடை, வேலைக்கு ஆள் எடுக்கும் நோட்டீஸ். இந்தி, ஒடியா, தெலுங்கு எல்லாம் காதில் விழும். கொஞ்சம் தள்ளி உள்ளே தகரக் கூரை போட்ட கடை அது. போர்டில் பஞ்சர், வாட்டர் வாஷ், ஆல் டூவீலர் ஒர்க்ஸ். தம்பியின் கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு விண்ட்ஸ்கிரீன். முழங்கை நீளம் இருக்கும். கூடவே இரண்டு கிளாம்ப், நான்கைந்து போல்ட், ரப்பர் வாஷர்.

"சென்னைக்குப் போனப்போ ஜி.பி ரோட்டுல வாங்கினேன்ணே. மாட்டிக் கொடுங்க."

மெக்கானிக் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்டைலுக்கா, காத்துக்கா?"

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினார். இடது கண் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது. போன வாரம் நைட் ஷிஃப்டுக்கு வரும்போது வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டியிருக்கிறார். எதிர் லைட் பட்டால் கீறல் விழுந்த வைசர் முழுக்க வெளிச்சம் பரவி, ரோடே தெரியாதாம். ஏரிக்கரை ஓரமாக ஒரு வண்டு கண்ணில் அடித்திருக்கிறது. பின்னால் டிரெய்லர். எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். "கண்ணு டாக்டர் ரெண்டு நாள் லீவு போடச் சொன்னாரு. நான் கான்ட்ராக்ட் லேபர் சார். லீவு போட்டா சம்பளம் கட்டு" என்றார் என்னிடம். ஒரு நாளைக்குப் போக வர 64 கிலோமீட்டர் ஓட்டுகிறார். கழுத்தும் தோளும் வலிப்பது பழகிவிட்டது. கண்தான் பயமுறுத்திவிட்டது. வீட்டில் சொன்ன பிறகுதான் காசு எடுத்து வைத்து இதை வாங்கியிருக்கிறார்.

"மொதல்ல ஹெல்மெட்டுக்குப் புது வைசர் வாங்கு தம்பி. முந்நூறு, நானூறுல முடிஞ்சிடும். இது அதுக்கு மாத்து இல்ல" என்றார் மெக்கானிக். வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் அவர் சொன்னது சரி. கண்ணைக் காப்பது ஹெல்மெட் வைசர்தான். வண்டியில் மாட்டும் கண்ணாடி நெஞ்சுக்கும் தோளுக்கும் கழுத்துக்கும்தான். தம்பி தலையாட்டினார். இரண்டும் செய்வது என்று முடிவானது.

நெஞ்சில் பத்து கிலோ

காற்று அப்படி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு. 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் கிட்டத்தட்ட 38 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளின் நெஞ்சு, தோள், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்தால் அதில் கால் பங்கு பரப்பு வரும். ஆக, ஏறக்குறைய பத்து கிலோ உங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. விழாமல் இருக்க ஹேண்டில் பாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள். வேகத்தைப் பாதியாக, 45-க்குக் குறைத்தால் அழுத்தம் பாதி ஆகாது, கால் பங்காகிவிடும். இரண்டரை கிலோ. காசு செலவில்லாத விண்ட்ஸ்கிரீன் ஆக்ஸிலேட்டரில்தான் இருக்கிறது என்று இதை வைத்து நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வதில் தப்பில்லை.

ஒரகடம் ரோட்டில் இன்னொரு காற்றும் உண்டு. கார் ஏற்றிப் போகும் நீளமான டிரெய்லர்கள். எதிரே அல்லது பக்கத்தில் வரும்போது அதன் முகப்பு காற்றை வெளியே பிதுக்கித் தள்ளும். பைக் சட்டென்று ஓரத்துக்குப் போகும். வண்டி கடந்ததும் அதன் வாலில் காற்று உள்ளே இழுக்கும். தள்ளி, பிறகு இழுப்பது. பழகாதவர்கள் தள்ளும்போது ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பி, இழுக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். இதற்கு விண்ட்ஸ்கிரீன் மருந்து இல்லை. சொல்லப்போனால் ஹேண்டிலில் மாட்டிய பெரிய ஸ்கிரீன் பாய் மரம் மாதிரி காற்றைப் பிடித்து, அந்த ஆட்டத்தை நேராக ஸ்டீயரிங்குக்கே அனுப்பும். அதனால்தான் "எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது" என்ற கணக்கு இதில் செல்லாது. இளக்கமாகப் பிடித்து, தூரம் விட்டுப் போவதுதான் வழி.

சின்ன வயதில் ஸ்கூட்டர் வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். சேட்டக், லாம்பி ஸ்கூட்டர்களில் நெஞ்சு உயரத்துக்குப் பெரிய கண்ணாடி மாட்டியிருப்பார்கள். அதில் ஒரு முருகன் ஸ்டிக்கர், கீழே பிள்ளைகள் பெயர். முப்பது, நாற்பதில் போன வண்டிக்கு அது போதும். மழைத்தூறலைக் கூடத் தடுக்கும். இன்றைய எண்பது, தொண்ணூறு வேகத்தில் அந்த சைஸ் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஆடிக் காற்றில் போவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

இதை மேஜைக் கணக்காக இல்லாமல் காற்றுக் குகையில் வைத்து அளந்து செய்தவர்களில் பி.எம்.டபிள்யூகாரர்களும் உண்டு. 1976-ல் வந்த அவர்களின் ஆர் 100 ஆர்.எஸ் வண்டியின் முன்மூடி, இத்தாலியில் பினின்ஃபரீனா நிறுவனத்தின் காற்றுக் குகையில் சோதித்துச் செய்யப்பட்டது. நம் ஊரில் 2016-ல் வந்த ஹிமாலயனில் விண்ட்ஸ்கிரீன் கம்பெனியிலிருந்தே வந்தது. 2020-ல் வந்த மீட்டியார் 350-ன் விலை கூடிய மாடலிலும் அப்படித்தான். மற்ற வண்டிக்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது, கூட்டிக் குறைக்கும் கிளாம்ப்.

முறுக்கும் முன்னால் உட்கார்ந்து பார்

மெக்கானிக் வேலையை ஆரம்பித்தார். முதலில் ஹேண்டில் பாரின் தடிமனை அளந்தார். பெரும்பாலான வண்டிகளில் 22 மில்லிமீட்டர். சில குரூஸர் வண்டிகளில் ஒரு அங்குலம், அதாவது 25.4. கிளாம்ப் பெரியதாக இருந்தால் உள்ளே ரப்பர் பட்டை வைத்து இறுக்க வேண்டும். வெறும் இரும்பை இரும்பில் இறுக்கினால் வண்டி அதிர அதிரச் சுற்றிக்கொள்ளும். சில செட் கண்ணாடிக் கம்பியின் மரையிலேயே மாட்டுகிற மாதிரி வரும். சில வண்டிகளில் வலது பக்கக் கண்ணாடிக்கு மரை எதிர்ப்பக்கம் சுற்றும். தெரியாமல் முறுக்கி மரையை அறுத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய என்றார்.

எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் முடுக்கினார். ஸ்பேனரே எடுக்கவில்லை. "ஏறி உக்காரு தம்பி. ஹெல்மெட் போட்டுக்கோ. வேலைக்குப் போற மாதிரி உக்காரணும், போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி இல்ல."

தம்பி உட்கார்ந்தார். டிபன் பையை முதுகில் மாட்டச் சொன்னார். பை மாட்டினால் ஆள் உட்காரும் விதமே மாறிவிடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெக்கானிக் எதிரே குந்தி உட்கார்ந்து ஸ்கிரீனை மேலும் கீழும் நகர்த்தினார். அதன் மேல் விளிம்பு தம்பியின் மூக்குக்கும் தாடைக்கும் இடையே வந்ததும் நிறுத்தினார். ரோட்டை ஸ்கிரீனின் மேலாகப் பார்க்க வேண்டும், அதன் ஊடாகப் பார்க்கக் கூடாது. மழையில் துளி நிற்கும். ராத்திரியில் லைட் சிதறும். கீறல் விழும். விளிம்பு நேராகக் கண் மட்டத்தில் வந்தால் அதைவிட மோசம். ரோட்டின் நடுவே ஒரு கோடு கிழித்த மாதிரி இருக்கும், குழி அந்தக் கோட்டில் மறைந்துவிடும்.

அடுத்தது சாய்வு. செங்குத்தாக நிறுத்தினால் காற்று மோதி, விளிம்பில் சுருண்டு, ஹெல்மெட்டில் தடதடவென்று அடிக்கும். ரொம்பப் படுக்க வைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு நேராக முகத்துக்கே வரும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தான் இந்தக் கிளாம்புக்கு இவ்வளவு மரியாதை. ஐந்தடி நான்கங்குல ஆளுக்குச் சரியாக இருப்பது ஐந்தடி பத்தங்குல ஆளின் காதைக் கிழிக்கும்.

ஹெட்லைட்டுக்கும் ஸ்கிரீனின் கீழ் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டார். மாட்டத் தெரியாமல் விட்ட சந்து என்றுதான் நான் நினைத்திருப்பேன். அது வேண்டுமென்றே விடுவது. ஸ்கிரீனுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு வெற்றுப் பை மாதிரி உண்டாகிறது. மேலே தாண்டிப் போன காற்று அந்தப் பையை நிரப்பத் திரும்பி வந்து தலையில் அடிக்கிறது. கீழே சந்து வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வந்தால் அந்த இழுப்பு அடங்கும். நம் வெயிலுக்கும் அது நல்லது. சித்திரை மாதத்தில் ஒரகடம் சிக்னலில் முழுக்க மூடிய கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் இன்ஜின் சூடும் வெயிலும் சேர்ந்து ஆளை அவித்துவிடும்.

பிறகு ஹேண்டிலை இடது கோடி வரை திருப்பினார். வலது கோடி வரை திருப்பினார். ஸ்கிரீனோ கிளாம்போ டேங்கில் இடிக்கிறதா, கிளட்ச் கேபிளும் பிரேக் ஒயரும் இழுபடுகின்றனவா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டார், தானாகத் திரும்புகிறதா என்று. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் விட்டால், யூ டர்ன் போடும்போது ஹேண்டில் பாதியில் நின்றுவிடும். அல்லது ஆக்ஸிலேட்டர் தானாக ஏறும். இந்தக் கட்டத்தில் மட்டும் அவர் யாரையும் பேசவிடவில்லை.

கடைசியாகத்தான் ஸ்பேனர். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி. பிளாஸ்டிக்கின் இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். ஓட்டையைச் சுற்றி அழுத்திப் பிடிக்கும் அளவுக்கு இறுக்கினால், ஒரு மாதத்தில் அங்கிருந்து மயிரிழை விரிசல் ஓடும். கழன்று போகாமல் இருக்க மரையில் விடும் பசையைப் பிளாஸ்டிக் பக்கம் விடக் கூடாது. அது பாலிகார்பனேட்டை வெடிக்க வைக்கும். அதற்குப் பதில் நைலான் வைத்த நட்டு போட்டார்.

சட்டம் பற்றியும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது. துளை போடாமல், வெட்டாமல், கழற்றி எடுக்கும்படி மாட்டிய சின்ன ஸ்கிரீனால் வம்பு வருவது அபூர்வம். ஆனாலும் ஹெட்லைட்டையோ இண்டிகேட்டரையோ நம்பர் பிளேட்டையோ மறைக்காமல் இருக்க வேண்டும். கம்பெனியே விற்கும் அக்சஸரி கிடைத்தால் அதை வாங்கிவிடுவது நிம்மதி.

வல்லக்கோட்டை வரை ஒரு ட்ரயல்

தம்பி முன்னால் போக, நான் பின்னால் போனேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொஞ்ச தூரத்தில் வல்லக்கோட்டை. ஏழடிக்கு மேல் உயரமான முருகன். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். கிருத்திகை நாளில் பைக் நிறுத்த இடம் கிடைக்காது. அன்று சாதாரண நாள். கோயில் வாசலில் தம்பி நிறுத்தினார்.

"நெஞ்சுல காத்தே இல்ல சார். ஆனா ஹெல்மெட் தடதடன்னு ஆடுது. முன்ன இப்படி இல்லையே."

இதுதான் பலரை ஸ்கிரீனைக் கழற்றிப் பரணில் போட வைக்கும் இடம். ஸ்கிரீனே இல்லாதபோது தலையில் படுவது கலங்காத காற்று. பலமாக இருந்தாலும் ஒரே சீராக இருக்கும். ஸ்கிரீன் வந்ததும், அதன் விளிம்பில் கலங்கிய காற்று சரியாக ஹெல்மெட் உயரத்தில் வந்து சேர்கிறது. ஆகவே விளிம்பை ஏற்றி, கலங்கிய காற்றைத் தலைக்கு மேலே அனுப்ப வேண்டும். அல்லது இறக்கி, தோளில் விழ வைக்க வேண்டும். நூற்றிருபத்தைந்து சி.சி வண்டிக்கு இறக்குவதுதான் நல்லது. தம்பி டூல் கிட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து ஒரு மரை அளவு இறக்கினார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். உயரத்தையும் சாய்வையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

கோயிலைச் சுற்றி ஒரு ரவுண்டு போய் வந்தார். "இப்ப பரவால்ல." சாய்வை ஒரு துளி மாற்றி இன்னொரு ரவுண்டு. "இப்ப சத்தமும் கம்மி." நேரம் ஆகிவிட்டது. ஷிஃப்ட். வடகால் கேட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

நான் மட்டும் ஸ்ரீபெரும்புதூருக்கு விட்டேன். 1017-ல் ராமானுஜர் அவதரித்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயில் தெருவில் நின்றால் பக்கத்தில் இத்தனை ஆலைகள் இருப்பதே தெரியாது. பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் ராஜீவ் காந்தி நினைவிடம். அங்கே ஒரு பத்து நிமிடமாவது மௌனமாக நடந்துவிட்டு வரலாம். இதே ஊரில்தான் 2000-ல் தொடங்கிய செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலையும் இருக்கிறது. பைக் ஸ்கிரீனை நாம் 'கண்ணாடி' என்று சொன்னாலும் அதில் ஒரு துளி கண்ணாடி கிடையாது. விலை குறைந்தவை அக்ரிலிக். அடிபட்டால் சில்லு சில்லாக உடையும். கொஞ்சம் கூடக் கொடுத்தால் பாலிகார்பனேட். கல் பட்டாலும் தாங்கும், ஆனால் சீக்கிரம் கீறும். கடையில் கேட்டு வாங்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்.

சென்னைப் பக்கம் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் ஆலைக்கு அருகே ரேஸ் டிராக். சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்துகொண்டிருந்த பந்தயங்கள் இங்கே இடம் மாறின. சுற்றளவு சுமார் 3.7 கிலோமீட்டர். இங்கே ஓட்டும் பையன்களைப் பார்த்தால் ஸ்கிரீனின் மறுபக்கம் புரியும். டேங்கில் தாடை படப் படுத்துக்கொண்டு, சின்ன ஸ்கிரீனுக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொள்வார்கள். அந்த ஸ்கிரீன் படுத்திருக்கும் ஆளுக்காகச் செய்தது. அதே கறுப்பு நிறச் சின்ன ஸ்கிரீனை வாங்கி மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஆபீஸ் போகிறவர்களுக்கு அது தொப்புளுக்கு மட்டும்தான் காற்றைத் தடுக்கும். கறுப்பு நிறம் ராத்திரியில் கூடுதல் தொல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மழை விட்ட சாயங்காலம் ஏரிக்கரை விளக்குகளைச் சுற்றி ஈசல் புகையாகக் கிளம்பும். ஸ்கிரீன் முழுக்க ஒட்டும். காய்ந்த பிறகு சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊற விட்டு, சோப்புத் தண்ணீரில் மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் நீல நிற ஸ்பிரேயும் பெட்ரோலும் வேண்டாம். இரண்டும் பிளாஸ்டிக்கை மங்கவைத்து விரிசல் விட வைக்கும்.

நான்கு நாள் கழித்துத் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஹெல்மெட்டில் புது வைசர் பளபளக்கும் போட்டோ. கீழே ஒரு வாய்ஸ் நோட்: "சார், நூறு கிலோமீட்டர் ஓடினதும் போல்ட்டெல்லாம் ஒருவாட்டி பாக்கச் சொன்னாருல்ல அண்ணன், பாத்தேன். இடது பக்கம் ஒண்ணு லூசா இருந்துச்சு. டைட் பண்ணிட்டேன். இன்னிக்கு நைட் ஷிஃப்ட்."